வண்ணத் தகட்டுக் கூரையும் இரும்பு வேலியும்: நிறத்துக்குக் கீழே பாருங்கள்

மொட்டை மாடியில் தகட்டுக் கூரை போட வேண்டும், வீட்டைச் சுற்றி இரும்பு வேலியும் வேண்டும். ஒரு கடையில் 0.50 மி.மீ. வண்ணத் தகடு என்று காட்டியதையே அடுத்த கடையில் கணிசமாகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள், இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன, எதை வாங்குவது, பிறகு எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒன்றுபோல் தெரியும் இரண்டில் எது முதலில் துருப்பிடிக்கும் என்பதை வாங்கும் அன்றே கண்டுகொள்ள வழி உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி. உண்டு. தகடுகளுக்கு முலாம் பூசும் ஆலையில் தரம் பார்க்கும் வேலையிலும், பிறகு காலத்துக்கு முன்பே கெட்டுப்போன கூரைகளைப் பார்த்துக் காரணம் சொல்லும் வேலையிலும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கெட்டுப்போன கூரைகளில் தகட்டின் நடுப்பகுதி துருப்பிடித்திருப்பதை அரிதாகவே பார்த்திருக்கிறேன். வெட்டிய ஓரம், திருகு இறங்கிய துளை, ஒரு தகட்டின்மேல் இன்னொன்று படியும் மடிப்பு, வேலிக் கம்பம் தரையைத் தொடும் இடம் ஆகியவற்றில்தான் துரு தொடங்குகிறது. கடையில் அதிகம் பேசப்படுவது நிறம். ஆயுளைத் தீர்மானிப்பதில் நிறத்துக்குப் பங்கு குறைவு.

வண்ணத் தகடு என்பது பல அடுக்குகள் கொண்டது. நடுவில் எஃகு. அதன் இரு பக்கமும் உருகிய உலோகத்தில் முக்கியெடுத்த முலாம். அதன்மேல் ஏறத்தாழ 5 மைக்ரான் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதற்கும் மேல் 20 மைக்ரான் அளவில் வண்ணப்பூச்சு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடிப்பக்கம் பெரும்பாலும் மெல்லிய ஒற்றைப் பூச்சோடு விடப்படும். இவற்றில் உண்மையான காவல்காரன் நடுவிலுள்ள முலாம்தான். எஃகும் துத்தநாகமும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு எஃகைக் காப்பாற்றும். அதனால்தான் தகட்டில் கீறல் விழுந்து உள்ளே எஃகு தெரிந்தாலும் உடனே சிவந்துவிடுவதில்லை. பக்கத்திலுள்ள துத்தநாகம் அந்தக் கீறலையும் சேர்த்துக் காக்கிறது. இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கும் முறைக்கு பிரான்சில் சோரல் என்ற பொறியாளர் 1837-இல் காப்புரிமை பெற்றார். இன்றுவரை அடிப்படை மாறவில்லை. வெறும் எஃகின்மேல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் இந்தத் தியாகக் காவல் கிடைக்காது. பெயின்ட் தண்ணீரைத் தடுக்கும், அவ்வளவுதான். தடுப்பில் ஓட்டை விழுந்த பிறகு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

முலாமில் இரண்டு வகைகள்தான் உங்களுக்கு வேண்டியவை. ஒன்று, ஜி.ஐ. என்று எல்லோரும் சொல்லும் துத்தநாக முலாம். மற்றொன்று, கால்வலூம் என்ற பெயரில் பரவிய அலுமினியம்–துத்தநாகக் கலவை; எடைக் கணக்கில் 55 விழுக்காடு அலுமினியம், 43 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகத் துத்தநாகம், மீதி சிலிக்கான். அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் இதை 1970-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தகட்டின் சான்றிதழில் இசட் 275 என்றிருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு, இரு பக்கமும் சேர்த்து, 275 கிராம் துத்தநாகம் என்று பொருள். ஏஇசட் 150 என்றால் 150 கிராம் கலவை. 275 பெரிது, 150 சிறிது என்று நினைத்துவிடாதீர்கள். அலுமினியம் எடை குறைந்த உலோகம் என்பதால் இரண்டும் பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் தடிமன்தான். அதே தடிமனில், மழையும் வெயிலும் மாறிமாறிப் படும் திறந்த வெளியில் அலுமினியக் கலவை தெளிவாகவே அதிகம் உழைக்கும். இதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கென்று சில பலவீனங்களும் உண்டு. அலுமினியத்துக்குக் காரம் ஆகாது. ஈரச் சிமெண்டுக் கலவை பட்டு அப்படியே காய்ந்தால் அந்த இடம் அரிக்கப்படும். கால்நடைத் தொழுவத்திலும் கோழிக் கொட்டகையிலும் எழும் அம்மோனியா அதைத் தின்றுவிடும். வீட்டுக் கூரைக்கு அலுமினியக் கலவை, சுவருக்குள் புதைகிற பாகங்களுக்கும் தொழுவத்துக்கும் துத்தநாகம் என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

சந்தையில் ஏஇசட் 70 வகையும் புழங்குகிறது. அதில் பக்கத்துக்கு 9 மைக்ரான் முலாம்தான் இருக்கும். வண்ணம் பூசிய பிறகு 70-ஐயும் 150-ஐயும் எந்த அனுபவசாலியாலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆலை தரும் சோதனைச் சான்றிதழில் முலாம் எடை தனி வரியாக இருக்கும். அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்து அந்த 0.50. இந்த எண்ணுக்கு மூன்று விதமாகப் பொருள் சொல்லலாம். முலாமும் பெயின்டும் சேராத வெறும் எஃகின் தடிமனாக இருக்கலாம். எஃகும் முலாமும் சேர்ந்ததாக இருக்கலாம். பெயின்ட் வரை எல்லாம் சேர்ந்ததாகவும் இருக்கலாம். மூன்றாவது கணக்கில் எஃகு 0.43 மி.மீ. அளவில்தான் மிஞ்சும். கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் வாங்கியது வேறு பொருள். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: எடை போட்டுப் பாருங்கள். எஃகு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு, 7.85 கிலோ. அலை அலையாக வளைப்பதற்கு முன் சுருளின் அகலம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள், 1,220 மி.மீ. என்பது மிகவும் வழக்கமான அகலம். அந்த அகலத்தில், எஃகு மட்டும் 0.50 மி.மீ. உள்ள தகடு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 5 கிலோ நிற்கும். எல்லாம் சேர்த்து 0.50 என்றால் 4.3 அல்லது 4.4 கிலோதான் இருக்கும். 4 மீட்டர் நீளத் தகட்டில் இந்த வித்தியாசம் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். காய்கறிக் கடைத் தராசுகூட அதைக் காட்டிவிடும். உருட்டாலைகளுக்கு அனுமதிக்கப்பட்ட சிறு ஏற்ற இறக்கம் உண்டு என்பதால் நூறு இருநூறு கிராம் குறைவதைப் பெரிதாக்க வேண்டாம். நீங்கள் பார்த்த இரண்டு கடைகளின் விலை வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் இங்கேயோ முலாம் எடையிலோதான் இருக்கும். நேரில் பாராமல் எது என்று நான் சொல்ல முடியாது. தராசும் சான்றிதழும் சொல்லிவிடும்.

வண்ணப்பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சாதாரண பாலியெஸ்டர், சிலிக்கான் கலந்த பாலியெஸ்டர், பி.வி.டி.எஃப். (ஃபுளோரின் சேர்ந்த பிளாஸ்டிக் வகை) என்ற வரிசையில் நிறம் நிலைக்கும் தன்மை கூடும், விலையும் கூடும். சில ஆண்டுகள் வெயில் பட்ட கூரையை விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொடி ஒட்டும். பிசின் வெயிலில் சிதைந்து நிறப்பொடி வெளியே வருவதன் அடையாளம் அது. பார்க்க வருத்தமாக இருக்கும், ஆனால் கூரை ஒழுகப்போகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. பட்ஜெட் கட்டுப்படியாகாதவர் பூச்சின் தரத்தில் ஒரு படி இறங்கலாம். முலாமின் எடையில் இறங்கக் கூடாது. அடர் நிறங்கள் வெப்பத்தை அதிகம் வாங்கும், வெளிர் நிறங்கள் குறைவாக வாங்கும். இது உறுதி. ‘நானோ’ பூச்சு, ‘வெப்பம் கடத்தாத’ வண்ணம் என்று விற்கப்படுபவற்றைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன். சூரிய ஒளியை எத்தனை விழுக்காடு திருப்பியனுப்புகிறது என்ற அளவீட்டைக் காட்டினால் பேசலாம், இல்லாவிட்டால் அது விளம்பரம். கீழே அறை குளிர்ச்சியாக வேண்டுமென்றால் வெளிர் நிறத் தகட்டுக்கு அடியில் வெப்பத் தடுப்புப் போர்வையும் காற்று இடைவெளியும் கொடுப்பதுதான் நம்பகமான வழி. அந்தப் போர்வை இரவில் தகட்டின் அடியில் வேர்த்துச் சொட்டுவதையும் மழைச் சத்தத்தையும் சேர்த்தே குறைக்கும்.

‘எத்தனை ஆண்டு உழைக்கும்?’ என்பதற்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 9223 என்ற பன்னாட்டுத் தரநிலை, காற்றின் அரிக்கும் தன்மையைச் சி1 முதல் சி5 வரையும் அதற்கு மேல் சிஎக்ஸ் என்றும் பிரிக்கிறது. நடுத்தர மாசுள்ள நகரம் அல்லது லேசான உப்புக் காற்றுள்ள இடம் சி3. அங்கே வெறும் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும். கடுமையான உப்புக் காற்றுள்ள கடலோரம் சி5, அங்கே 4.2 முதல் 8.4 மைக்ரான். 20 மைக்ரான் முலாமை இதால் வகுத்துப் பாருங்கள்: முதல் இடத்தில் குறைந்தது பத்தாண்டை ஒட்டி, அதிர்ஷ்டமிருந்தால் இருபத்தைந்தைத் தாண்டியும் நிற்கும், இரண்டாவதில் ஐந்தாண்டுகூடத் தாங்காது. அலுமினியக் கலவையும் மேலே பூச்சும் இருந்தால் இந்த ஆண்டுகள் நன்றாகவே நீளும், ஆனால் எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும். கடலிலிருந்து எத்தனை தூரம் என்பது மட்டும் போதாது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, இடையில் மரமோ கட்டடமோ மறைக்கிறதா என்பதெல்லாம் சேரும். உத்தரவாதத் தாளில் ‘ஓட்டை விழாது’ என்பதற்கு ஒரு காலம், ‘நிறம் மங்காது’ என்பதற்கு வேறொரு காலம் இருக்கும். கடலிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் செல்லாது, கழுவிப் பராமரிக்காவிட்டால் செல்லாது என்ற வரிகளும் அடியில் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் அந்த அடி வரிகளைப் படித்துவிடுங்கள்.

நல்ல தகட்டை வாங்கி மோசமாகப் பொருத்தினால் வாங்கிய பணம் வீண். நான் பார்த்த கெட்ட கூரைகளில் குற்றவாளி பெரும்பாலும் உலோகம் வெட்டும் கிரைண்டர்தான். வட்டக் கல்லால் தகட்டை வெட்டும்போது ஓரத்தில் முலாமும் பெயின்டும் கருகிவிடும். அதைவிட மோசம், அங்கிருந்து பறக்கும் நெருப்புப் பொறிகள். ஒவ்வொரு பொறியும் சூடான இரும்புத் துகள். போய் விழும் இடத்தில் பெயின்டை உருக்கிப் பதிந்துகொள்ளும். முதல் மழைக்குப் பிறகு புதுக் கூரை முழுவதும் குங்குமம் தெளித்ததுபோல் செம்புள்ளிகள் தோன்றி, வீட்டுக்காரர் ‘தகடே போலி’ என்று கடைக்குச் சண்டைக்குப் போவார். தகட்டின்மேல் தவறே இருக்காது. வெட்டுவதற்குத் தகடு வெட்டும் கத்தரியையோ, தகட்டைச் சிறிது சிறிதாகக் கடித்து வெட்டும் நிப்ளர் கருவியையோ பயன்படுத்தச் சொல்லுங்கள். முடிந்தவரை அளவுக்கே வெட்டி வரவழையுங்கள். துளையிட்ட உலோகச் சுருள்களை அன்றைக்கு மாலையே மென்மையான துடைப்பத்தால் பெருக்கித் தள்ள வேண்டும். நாளைக்கு என்று விட்டால் இரவுப் பனியிலேயே கறை பிடித்துவிடும்.

திருகுகளை மழைநீர் ஓடும் பள்ளத்தில் அல்லாமல் மேட்டில் இறக்குவது கூரைக்குப் பொதுவான நல்ல பழக்கம். தலைக்கு அடியில் ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். அந்த ரப்பர் உலோக வாஷரின் விளிம்பு வரை லேசாகப் புடைத்து நின்றால் சரியான இறுக்கம். பிதுங்கி வெளியே வந்து, சுற்றிலும் தகடு குழிந்திருந்தால் இறுக்கம் அதிகம்; அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும், நசுங்கிய ரப்பர் வெயிலில் சீக்கிரம் வெடிக்கும். திருகின் முலாம் தகட்டின் ஆயுளுக்கு ஈடாக இருக்க வேண்டும். இருபதாண்டுத் தகட்டில் ஐந்தாண்டுத் திருகைப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. துருப்பிடிக்காத எஃகுத் திருகு போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அலுமினியக் கலவைத் தகட்டில் அது கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், வேறு சிலர் அனுமதிக்கிறார்கள். முடிந்துபோன விவாதம் அல்ல. உங்கள் தகட்டைத் தயாரித்தவர் எதைப் பரிந்துரைக்கிறாரோ அதையே போடுங்கள்.

சேரக் கூடாதவற்றைப் பக்கத்தில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாமிரம் துத்தநாகத்துக்குப் பரம விரோதி. தொட வேண்டும் என்றுகூட இல்லை, தாமிரத்தின்மேல் ஓடிவந்த தண்ணீர் சொட்டினாலே போதும். ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீர்க் குழாயைக் கூரைமேல் விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அந்தத் தண்ணீர் தாமிரச் சுருளை நனைத்து வருவது. அது ஓடிய தடத்தில் மட்டும் தகடு கெட்டிருக்கும். தாமிர உப்பு கலந்த மருந்தேற்றிய மரக் கட்டைகளும் அப்படியே. தகட்டுக்கும் கட்டைக்கும் இடையில் தடுப்புப் பட்டை வேண்டும். ஈயத் தகட்டை அலுமினியக் கலவையோடு சேர்க்காதீர்கள். வண்ணம் பூசாத கால்வலூம் தகட்டில் சாதாரணப் பென்சிலால் கோடு போடவே கூடாது. கிராஃபைட் பட்ட கோடு மழையில் அப்படியே அரித்து, அழியாத கோடாக நிற்கும். மார்க்கர் பேனாவைக் கொடுங்கள். இடைவெளி அடைக்கும் சிலிக்கான் பசையை முகர்ந்து பாருங்கள். புளித்த காடி வாசனை அடித்தால் அதிலிருந்து அமிலம் கசிகிறது, முலாமுக்கு ஆகாது. ‘நியூட்ரல் கியூர்’ என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். பெயின்ட் அடித்த கூரை, கண்ணாடி, சோலார் பலகை ஆகியவற்றின்மேல் விழும் மழைநீர் எதையும் கரைக்காமல் அப்படியே வடிந்து வருவதால், கீழே வெறும் ஜி.ஐ. நீர்த்தாரை (கூரை ஓரத்தில் மழைநீரை வாங்கும் வடிகால்) இருந்தால் அதன் துத்தநாகத்தை வேகமாகக் கரைக்கும். வண்ணக் கூரைக்கு வண்ணம் பூசிய தாரையோ பிளாஸ்டிக் தாரையோதான் பொருத்தம்.

சரிவு போதாமல் போட்டால் மடிப்புகளில் தண்ணீர் நிற்கும். அலைத் தகட்டுக்கு 5 பாகைக்குக் குறையாமல் கொடுங்கள். மற்ற வடிவங்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவே சரி. வேலை தொடங்கும்வரை தகடுகளை அடுக்கி வைத்திருப்பீர்கள் அல்லவா? அந்த அடுக்குக்குள் மழைநீர் புகுந்தால், கூரையேறுவதற்கு முன்பே வெள்ளைத் துரு பிடிக்கும், கால்வலூம் என்றால் கறுக்கும். துத்தநாகம் காற்றோடு சேர்ந்து உலர்ந்து உலர்ந்துதான் தன்மேல் காப்புப் படலத்தை வளர்த்துக்கொள்கிறது. காற்றே புகாத ஈரத்தில் அது முடியாது. சாய்வாக, தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டத்தோடு மூடி வையுங்கள். நனைந்துவிட்டால் பிரித்து ஒவ்வொன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும்.

இனி வேலி. இங்கே தகட்டைவிடக் கம்பம்தான் முக்கியம். கடைகளில் ‘ஜி.ஐ. பைப்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் கிடைக்கின்றன. முலாம் பூசிய சுருளை வளைத்துக் குழாயாக்கியது ஒன்று. அதில் 20 மைக்ரான் அளவில்தான் முலாம் இருக்கும். வெட்டி, வெல்டிங் செய்து, துளையிட்டு, எல்லாம் முடித்த பிறகு முழுதாக உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது மற்றொன்று. ஐ.எஸ்.ஓ. 1461 தரநிலைப்படி, ஒன்றரை முதல் மூன்று மி.மீ. கனமுள்ள எஃகில் இந்த முலாம் சராசரியாக 55 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. மூன்றுக்கு மேல் ஆறு வரை 70. ஆயுள் கிட்டத்தட்ட மைக்ரானின் விகிதத்திலேயே கூடும். முதல் வகையின் இன்னொரு குறை வெல்டிங்கில் தெரியும். துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் ஆவியாகிவிடும். எஃகை உருக்க 1,500 பாகை அளவு சூடு வேண்டும். ஆகவே பற்றவைத்த இடத்தைச் சுற்றி முலாமே மிஞ்சாது. வேலி பழசாகும்போது ஒவ்வொரு வெல்டிங் முடிச்சும் செம்பழுப்பாக வடிவது இதனால்தான். அதன்மேல் வெள்ளி நிறப் பெயின்டைத் தடவி மறைப்பார்கள். தடவ வேண்டியது துத்தநாகச் சத்து மிகுந்த பிரைமர். வெள்ளிப் பெயின்டில் இருப்பது பளபளப்பு மட்டும். வெல்டிங்கில் எழும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும் என்பதையும் பற்றவைப்பவருக்குச் சொல்லிவிடுங்கள்.

முழுதாக முக்கியெடுத்த கம்பத்தை அடையாளம் காண்பது கடினமல்ல. குழாயின் உட்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள், அங்கும் முலாம் இருக்கும். வெல்டிங் தடத்தின்மேலும் அதே சாம்பல் உலோகம் ஓடியிருக்கும். கீழ் முனையில் உறைந்த சொட்டுகள் தென்படும். மூடிய குழாய்களில் காற்றுப் போகச் சிறு துளைகள் இருக்கும். துளையில்லாத குழாயைத் தொட்டியில் முக்கினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்துவிடும் என்பதால் எந்த ஆலையும் துளையின்றி எடுக்காது. மறுபுறம், கண்ணாடிபோல் மின்னும் கீல், தாழ்ப்பாள், நட்டு, போல்ட்டுகளை நம்பாதீர்கள். அவை மின்முலாம் பூசியவை. பெரும்பாலும் பத்து மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். வேலி நன்றாயிருக்க, கதவின் கீல் மட்டும் முதலில் துருவேறுவது அதனால்தான்.

கம்பத்தின் சாவு தரைமட்டத்தில். அடிக் கான்கிரீட்டைத் தரைக்குச் சற்று மேலே எழுப்பி, கம்பத்திலிருந்து வெளிப்புறமாகச் சரிவு கொடுங்கள். தட்டையாக விட்டாலோ தரைக்குக் கீழே முடித்தாலோ கம்பத்தைச் சுற்றி நிரந்தரமாக ஒரு தண்ணீர் வளையம் நிற்கும். குழாயின் தலைக்கு மூடி போடுங்கள். தகட்டு வேலி என்றால் தகட்டின் அடி விளிம்பு மண்ணைத் தொடாமல் நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். கம்பி வலை வேலியில், பிளாஸ்டிக் உறை போட்ட வகைக்கு வெளி விட்டத்தைச் சொல்லி விற்பார்கள். உள்ளே கம்பி எவ்வளவு என்று கேளுங்கள், தகட்டின் 0.50 கதைதான் இங்கும். பவுடர் கோட்டிங் (வண்ணப் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசுவது) செய்த கதவுகள் அழகானவை. வழக்கமாக 60 முதல் 80 மைக்ரான் பூச்சு இருக்கும். ஆனால் வெறும் எஃகின்மேல் பூசியிருந்தால் ஒரு கீறல் போதும், அதன் வழியாக நுழைந்த துரு பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து தோலை உரிக்கும். துத்தநாக முலாமின்மேல் பூசியதென்றால், இரண்டின் தனித்தனி ஆயுளையும் கூட்டினால் வருவதைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்கு உழைக்கும் என்பது முலாம் துறையில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கணக்கு. கடலோர வீட்டுக்கு நான் வேறெதையும் சொல்வதில்லை.

பராமரிப்பு என்றதும் பெயின்ட் டப்பாவைத் தேட வேண்டாம், தண்ணீர்க் குழாயை எடுங்கள். மழை படும் கூரையை மழையே கழுவிவிடும். மழை எட்டாத இடங்களில்தான் உப்பும் புழுதியும் படிந்து இரவு ஈரத்தில் ஊறும்: கூரை நீட்டத்தின் அடிப்பக்கம், சோலார் பலகைக்குக் கீழே, வேலித் தகட்டின் மறைவான மேல் விளிம்பு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கடலுக்கு அருகில் என்றால் இன்னும் அடிக்கடி, இவற்றை நல்ல தண்ணீரால் அலசுங்கள். அழுக்கு ஒட்டியிருந்தால் மென்மையான சோப்பும் மெல்லிய பிரஷும் போதும். பிளீச்சிங், தின்னர், இரும்புக் கம்பி நார் மூன்றும் வேண்டாம்; கம்பி நார் விட்டுப்போகும் துகள்கள் தாமே துருப்பிடிக்கும். நீர்த்தாரையில் இலைக் குப்பையும் வேலியடியில் மண்ணும் உரமும் குவியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செடிகளுக்குத் தாமிர மருந்து தெளிக்கும்போது வேலியில் படாமல் மறையுங்கள். தரை ஓடு கழுவப் பயன்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவி, புதுத் தகட்டை ஒரே நாளில் கெடுத்துவிடும். வீட்டு வேலை முடிவில் பலர் கவனிக்காத விஷயம் இது. வழுக்காத மென்மையான செருப்போடு, திருகு வரிசையின்மேல், அதாவது அடியில் சட்டம் இருக்கும் இடமாகப் பார்த்து நடங்கள். ஈரக் கூரையில் ஏறவே வேண்டாம்.

சிறு கீறல்களைத் தொடாதீர்கள். முலாம் பார்த்துக்கொள்ளும், நீங்கள் தடவும் பெயின்ட் இரண்டு ஆண்டில் வேறு நிறமாக மங்கி, கீறலைவிட அசிங்கமாகத் தெரியும். எஃகு தெரியும் பெரிய சேதத்துக்கு மட்டும் சுத்தம் செய்து, துத்தநாகப் பிரைமர் தடவி, அந்த இடத்தளவுக்கே வண்ணம் தீட்டுங்கள். வெறும் ஜி.ஐ. வேலிக்கு நிறம் கொடுக்க விரும்பினால் சாதாரண எண்ணெய் எனாமலை நேரடியாக அடிக்காதீர்கள். அதிலுள்ள எண்ணெய்ப் பிசினும் துத்தநாகமும் சேர்ந்து இடையில் சோப்புபோன்ற படலம் உருவாகி, ஓரிரு ஆண்டில் பெயின்ட் தாள் தாளாக உரிந்து வரும். எண்ணெய்ப் பசை நீக்கிக் கழுவி, முலாம் பரப்புக்கென்றே செய்த பிரைமரை அடித்து, அதன்மேல் நீர் சார்ந்த அக்ரிலிக் பெயின்ட் அடிப்பது சரி.

திருகு மட்டும் துருப்பிடித்து, துளை கெடாமல் இருந்தால் ஒரு சுற்று பருமனான திருகாக மாற்றிவிடலாம். துளையின் விளிம்பே பொடிந்து வந்தால் அந்தத் தகட்டை மாற்றுங்கள். பழைய துருத் தகட்டின்மேல் புதியதைப் போர்த்தி மூடுவது வேண்டாம். இடையில் சிக்கும் ஈரம் புதியதைக் கீழிருந்து தின்னும். கூரையைத் தாங்கும் சட்டங்களின் இடைவெளியையும் காற்று தூக்கும் மூலைகளில் எத்தனை திருகு என்பதையும் உங்கள் இடத்தின் காற்று வேகத்தை அறிந்த கட்டுமானப் பொறியாளர் கணக்கிட வேண்டும். எழுத்தில் கேட்டுச் செய்யும் காரியம் அல்ல. மாடியில் இப்போது இருப்பது பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அதைத் துளையிடவோ உடைக்கவோ உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவோ விடாதீர்கள். அந்த நார்த்தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, முழுத் தகடாகக் கழற்றத் தெரிந்த ஆட்களை அழைத்துப் பழையதை இறக்கிய பிறகே புதுத் தகட்டை மாடிக்கு ஏற்றுங்கள்.